பாலம், மெட்ரோ வேலையெல்லாம் சொன்ன தேதியில் ஏன் முடிவதில்லை?

"வடசென்னையில் எந்தக் கட்டுமானமும் சொன்ன காலத்தில், சொன்ன செலவில் முடிவதில்லையே, ஊழல்தான் காரணமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். ஊழல் தனிக் கதை. நேர்மையாகப் போட்ட திட்டமும் இழுத்துக்கொண்டுதான் போகும். எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்ற நம்பிக்கையில் கணக்குப் போடுவதுதான் பெரிய காரணம். கானமன், ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர்கள் 1979இலேயே இதை விளக்கிவிட்டார்கள்.

துறைமுகம்–மதுரவாயல் மேம்பாலச் சாலையைப் பாருங்கள். 2009இல் அடிக்கல் நாட்டினார்கள். கூவத்தில் தூண் நட்டால் நீரோட்டம் தடைபடும் என்று 2012இல் வேலை நின்றது. 2022இல் ஈரடுக்குச் சாலையாக மாற்றி மறுபடி அடிக்கல். துறைமுகத்துக்குப் போகவேண்டிய கன்டெய்னர் லாரிகள் தெருவில் வரிசைகட்டி நிற்பது இன்னும் நம் தலையில்தான். ஆற்றில் தூண் வரும் என்பது முதல் நாளே தெரிந்த விஷயம். அதற்கு எதிர்ப்பு வந்தால் என்ன ஆகும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

ராயபுரம் மாதிரி பழைய பகுதியில் தோண்டினால் வரைபடத்தில் இல்லாத குழாயும் கேபிளும் வரும். அதை நகர்த்த வேறு துறையின் அனுமதி, அப்புறம் மழைக்காலம்.

சரி, தீர்வு? பிரிட்டன் நிதித்துறை 2003இல் ஒரு வழி சொன்னது: மதிப்பீட்டோடு கூடுதல் தொகையைச் சேர்த்தே ஆரம்பியுங்கள். சாலை மாதிரி வழக்கமான கட்டுமானத்துக்கு 44 சதவீதம் வரை, சிக்கலானதற்கு 66 சதவீதம் வரை. ஆபத்துகளைச் சரிசெய்யச் சரிசெய்யக் குறைக்கலாம். நம் ஊர்க் கருத்துக்கேட்புக் கூட்டத்திலும் இதைக் கேளுங்கள்: இதே மாதிரி முடிந்த வேலைகளுக்கு உண்மையில் எத்தனை வருடம் ஆனது?