கத்தியில் செம்பு ஏறினால் அது என்ன வினை?

கேள்வி: ஐயா, கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு படிக்கிறேன். அப்பாவுக்குத் தென்னந்தோப்பில் வேலை. வேதிச் சமன்பாடுகளை எழுதி எழுதி மனப்பாடம் செய்கிறேன். தேர்வில் கொஞ்சம் மாற்றிக் கேட்டால் கை நின்றுவிடுகிறது. சேர்க்கை, சிதைவு, இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி எல்லாம் குழம்புகின்றன. சமன் செய்யவும் வரவில்லை. என்ன செய்வது?

பதில்: அம்மணி, நோட்டை மூடி வை. தென்னைக்கு அடிக்க அப்பா போர்டோ கலவை என்ற பூஞ்சைக்கொல்லியைக் கலக்கும்போது பக்கத்தில் போய் நில். நீ கேட்ட நாலு வகையும் அங்கேயே இருக்கின்றன.

குருத்தழுகலுக்கு அடிக்கும் ஒரு சதவீதக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 100 லிட்டர். அந்தச் சுண்ணாம்பு எங்கிருந்து வந்தது? சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுட்டால் சுட்ட சுண்ணாம்பு தனியாக, கார்பன் டை ஆக்சைடு தனியாகப் பிரியும். ஒன்று உடைந்து இரண்டானதால் சிதைவு. சிமென்ட் ஆலைச் சூளையிலும் இது நடக்கிறது. சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். இரண்டும் சேர்ந்து கால்சியம் ஹைட்ராக்சைடு ஆகிறது. இது சேர்க்கை. சூடு அதிகம், கிட்டே குனியாதே.

மயில்துத்தம் என்பது காப்பர் சல்பேட். அதன் கரைசலை, அந்தக் கால்சியம் ஹைட்ராக்சைடு கலந்த சுண்ணாம்புப் பாலில் மெதுவாக ஊற்றும்போது காப்பர் போய் ஹைட்ராக்சைடோடு சேர்கிறது, கால்சியம் போய் சல்பேட்டோடு சேர்கிறது. இரண்டு பக்கமும் ஜோடி மாறியதால் இரட்டை இடப்பெயர்ச்சி. வானநீலத்தில் கூழாகத் தெரிவதுதான் வீழ்படிவு.

அடுத்த கட்டம்தான் எனக்கு ரொம்பப் பிடிக்கும். பழைய தோப்புக்காரர்கள் தீட்டிய கத்தியைக் கலவையில் முக்கி எடுப்பார்கள். அலகில் செம்பு நிறம் ஏறினால், "சுண்ணாம்பு பத்தல, இன்னும் போடு" என்பார்கள். மிச்சமிருந்த காப்பர் சல்பேட்டிலிருந்து இரும்பு காப்பரைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டது. இடப்பெயர்ச்சி என்பது இவ்வளவுதான். இரும்புக்கு வினைத்திறன் அதிகம் என்பதால்தான் தள்ள முடிகிறது. செம்புக் கம்பியை இரும்பு சல்பேட்டில் எத்தனை நாள் போட்டு வைத்தாலும் ஒன்றும் ஆகாது. இந்தக் கலவையை இரும்பு டிரம்மில் கலக்கக் கூடாது என்பதும் இதனால்தான். தேர்வில் இரும்புக்குப் பதிலாகத் துத்தநாகம் வந்தால் பயப்படாதே. வினைத்திறன் வரிசையில் காப்பருக்கு மேலே இருக்கிறதா என்று பார், போதும். இன்னொன்று, ஒரு வினைக்கு ஒரே பெயர்தான் என்று இல்லை. கத்தியில் இரும்பு எலக்ட்ரானை இழக்கிறது, காப்பர் அதைப் பெறுகிறது. அதனால் அது ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினையும்தான்.

சரி, சமன் செய்வதற்கு வருவோம். வாய்பாட்டுக்குள் கீழே இருக்கும் சின்ன எண்ணில் கை வைக்காதே. கணக்கு நேராகட்டும் என்று தண்ணீரின் ஆக்சிஜனை இரண்டாக்கினால் அது தண்ணீர் இல்லை, புண் கழுவும் ஹைட்ரஜன் பெராக்சைடு. முன்னால் போடும் எண்ணை மட்டும் மாற்றலாம்.

கலயத்தில் சுண்ணாம்பு தடவாவிட்டால் தெளுவு, அதாவது பதநீர், நுரைத்துக் கள்ளாகிவிடுமே, அதையே எடுத்துக்கொள். தெளுவின் சர்க்கரை முதலில் குளுக்கோஸ் போன்ற எளிய சர்க்கரையாகிறது. ஈஸ்ட் அதை எத்தனாலாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கிறது. நுரை அந்த வாயுதான். குளுக்கோஸில் கார்பன் 6, ஹைட்ரஜன் 12, ஆக்சிஜன் 6. எத்தனாலில் முறையே 2, 6, 1. கார்பன் டை ஆக்சைடில் கார்பன் 1, ஆக்சிஜன் 2. வலப்பக்கத்தைக் கூட்டினால் 3, 6, 3. சரியாகப் பாதி! இரண்டுக்கும் முன்னால் 2 போட்டால் வேலை முடிந்தது.

அடுத்த வருடம் பிளஸ் ஒன் ஆங்கிலத்தில் வந்தாலும் இந்த எண்ணிக்கை மாறாது. இப்போது நீயே ஒன்று செய். இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்து இரும்பு 2, ஆக்சிஜன் 3 உள்ள ஆக்சைடு ஆகிறது. ஆக்சிஜன் மூலக்கூறில் அணு இரண்டு. முன்னெண்கள் வரிசையாக 4, 3, 2 என்று வர வேண்டும். எப்படி வந்தது என்பதைப் படிப்படியாக எழுதி அனுப்பு.