உணவுக்கூடைக்கு நிபந்தனை உண்டா? – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

தோட்டங்களிலிருந்து வெளியேறித் தாமான்களில் (வீடமைப்புப் பகுதிகளில்) குடியேறிய குடும்பங்களுக்கு மாதந்தோறும் உணவுக்கூடை கொடுக்கும் ஒரு சிறு குழுவில் இருக்கிறேன். எங்கள் பட்டியலில் உள்ள ஓர் அக்காவைக் கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். போலீசில் புகார் செய்ய அக்கா மறுக்கிறார். புகார் செய்யும்வரை கூடையை நிறுத்திவைக்கலாம் என்று குழுவில் பெரும்பாலோர் சொல்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மறுத்துப் பேசவும் தெரியவில்லை. இத்தகைய பணிக்கென்று ஒரு துறையும் நெறிகளும் இருப்பதாக முன்பு எழுதியிருந்தீர்கள். அவை எப்படி உருவாயின? நம் தோட்டப்புறத்துக்குப் பொருந்துமா?

வாசகி, பேராக், மலேசியா

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஊர்ப் பெயரையும் அந்த அக்காவை அடையாளம் காட்டக்கூடிய வரிகளையும் நீக்கிய பிறகே கடிதத்தை வெளியிடுகிறேன். கூடையை நிறுத்தக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

நீங்கள் கேட்கும் துறை, கேஸ்வொர்க் எனப்படும் தனிநபர் சமூகப்பணி. அதன் பிறப்பில் கருணைக்கு இருந்த அளவு பங்கு சந்தேகத்துக்கும் இருந்தது. 1869இல் லண்டனில் தொடங்கப்பட்ட அறக்கொடை ஒருங்கிணைப்புச் சங்கத்தின் முழுப்பெயரிலேயே, பிச்சையெடுப்பதை ஒடுக்குவது என்ற நோக்கமும் சேர்ந்திருந்தது. உதவிக்குத் தகுதியான ஏழை யார், தகுதியற்ற ஏழை யார் என்று வீடு வீடாக விசாரித்துப் பிரிப்பது அதன் முக்கிய வேலையாக இருந்தது. 1895இல் அதே நகரின் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் மேரி ஸ்டூவர்ட் முதல் ஆல்மனராக, அதாவது நோயாளிகளின் நிலையை விசாரிக்கும் அலுவலராக, அமர்த்தப்பட்டதும், வசதியுள்ளவர்கள் இலவச சிகிச்சையைப் பெற்றுவிடுகிறார்களா என்று கண்காணிக்கத்தான். அவர் கண்டதோ, ஏமாற்றுகிறவர்கள் சிலரே, உண்மையில் உதவி தேவைப்படுகிறவர்களே மிகுதி என்பதை. அந்த ஆல்மனர் பணி 1952இல் மலாயாவுக்கும் வந்தது. இன்று அரசு மருத்துவமனைகளில் நாம் சந்திக்கும் மருத்துவ சமூகப்பணியாளர்கள் அதன் வழிவந்தவர்கள்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இத்தகைய சங்கம் ஒன்றில் 1889இல் உதவிப் பொருளாளராகச் சேர்ந்த மேரி ரிச்மண்ட், 1917இல் ‘சோஷியல் டயக்னோசிஸ்’ (சமூக நோயறிதல்) என்ற பெரிய நூலை வெளியிட்டார். குடும்பத்தாரிடமும் உறவினரிடமும் மருத்துவரிடமும் பள்ளியிலும் வேலையிடத்திலும் திரட்டும் தகவலை எப்படி எடைபோடுவது, நம் முன்முடிவு அதில் கலந்துவிடாமல் எப்படிக் காப்பது என்று பொறுமையாக விளக்கும் நூல் அது. விசாரணை தொடர்ந்தது, ஆனால் இந்த வீடு உதவிக்குத் தகுதியானதா என்ற கேள்வியின் இடத்தில், இந்த மனிதருக்கும் அவரைச் சூழ்ந்திருப்பவற்றுக்கும் இடையே என்ன சிக்கல் என்ற கேள்வி வந்தது. இந்தத் துறையில் நிகழ்ந்த மிகப் பெரிய மாற்றம் இதுவென்றே நான் கருதுகிறேன். இடையில் உளப்பகுப்பாய்வின் செல்வாக்கும் இரு சிந்தனைப் பள்ளிகளின் நீண்ட விவாதமும் உண்டு. உங்கள் கேள்விக்கு அவை அவசியமில்லை.

சிகாகோவின் லொயோலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஏசுசபைப் பாதிரியார் ஃபெலிக்ஸ் பீஸ்டெக் 1957இல் ஏழு நெறிகளை வகுத்தார். மூன்று உங்கள் குழுவை நேரடியாகத் தொடுகின்றன: தீர்ப்புச் சொல்லாதிருத்தல், தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் உரிமை, இரகசியம் காத்தல். புகார் செய்தால்தான் அரிசி என்று சொல்லும்போது, 1869ஆம் ஆண்டின் தகுதிப் பரீட்சையை உங்கள் குழு அந்த அக்காவுக்கு மீண்டும் வைக்கிறது. அடிப்பவர் கணவர், அரிசியை இழப்பவர்களோ அக்காவும் பிள்ளைகளும்.

அவர் ஏன் மறுக்கிறார் என்று யாராவது கேட்டீர்களா? தோட்டத்தில் லயத்து வீடு, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடு, நிர்வாகத்துக்குச் சொந்தமானது. வேலை போனால் வீடும் போகும். சாம்சு என்ற மலிவு மதுவைக் குடித்துவிட்டு வந்து அடித்த கணவனைப் பற்றித் தண்டலிடமோ (மேற்பார்வையாளர்) கிராணியிடமோ (எழுத்தர்) முறையிட்டால், கூரையே போய்விடும் என்ற அச்சத்தில் வாய்மூடி வாழ்ந்த தாய்மாரிடம் வளர்ந்த பெண்கள் இன்று தாமான்களில் இருக்கிறார்கள். கணவர் லாக்கப்பில் இருந்தால் அன்றாடக் கூலிக்கு என்ன செய்வது, வீட்டு வாடகை யார் பெயரில் இருக்கிறது, பிள்ளைகளின் பள்ளி என்னாகும் என்ற கணக்குகளையெல்லாம் அவர் போட்டுப் பார்த்திருக்கலாம். அதைக் கேட்டு அறிவதுதான் தனிநபர் சமூகப்பணியின் முதல் வேலை.

தீர்மானிக்கும் உரிமை என்றால் அவரை அப்படியே விட்டுவிடுவதென்று பொருளல்ல. 1994ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாப்பு ஆணை பெறலாம், சமூகநல இலாகாவை அணுகலாம், 15999 என்ற உதவித் தொலைபேசி எண்ணில் அழைக்கலாம் என்பவற்றை அவர் அறிந்திருக்க வேண்டும்; அறிந்தபின் எந்த நாளில் எந்த அடி எடுத்துவைப்பது என்பது அவர் முடிவு. இந்த உரிமைக்குச் சட்டமும் அறமும் எல்லை வகுக்கின்றன என்று பீஸ்டெக்கே எழுதியிருக்கிறார். அடி பிள்ளைகள்மீதும் விழுமானால் 2001ஆம் ஆண்டு சிறுவர் சட்டத்தின்கீழ் வரும் பாதுகாவலரான சமூகநல அதிகாரிக்கு உடனே தெரிவியுங்கள்; தெரிவிக்கப் போவதை, அதனால் ஆபத்து அதிகரிக்காது என்றால், அக்காவிடம் முன்கூட்டியே சொல்லுங்கள்.

இரகசியம் காப்பதுதான் நம் ஊர்களில் மிகவும் கடினம்; கோயிலிலும் சந்தையிலும் எல்லாரும் எல்லாருக்கும் தெரிந்தவர்கள். ஆகவே குழுவின் டி-சட்டை அணிந்து ஐந்தாறு பேராகப் போகாமல், அவர் நம்பும் ஒருவர் மட்டும், கணவர் இல்லாத வேளையில், அவர் சொல்லும் இடத்தில் சந்தியுங்கள். வாட்ஸ்அப் குழுவில் அவர் பெயரையும் கதையையும் இனி யாரும் எழுத வேண்டாம். கூடையோடு படம் எடுப்பதையும் நிறுத்துங்கள். நன்கொடையாளருக்குப் பொருள்களின் கணக்கும் ரசீதும் போதும்.

அடுத்த கூட்டத்தில் இவற்றை எடுத்துச் சொல்லுங்கள். அப்போதும் கூடையை நிறுத்துவதென்றே முடிவானால், தாமதிக்காமல் எனக்கு எழுதுங்கள். அந்த வீட்டுக்கு வேறு வழியில் பொருள் போய்ச் சேர நான் ஏற்பாடு செய்கிறேன்.