பன்னீர் திராட்சையும் பிரெஞ்சுக் கலவையும்

கேள்வி: குமுளி அத்தை வீட்டில் கிறிஸ்துமஸுக்கு எங்கள் தோட்டத்துப் பன்னீர் திராட்சையில் ஒயின் போட்டார்கள். மணம் தூக்கல்தான், ஆனால் பிரெஞ்சு சிவப்பு ஒயின் மாதிரி நாக்கைப் பிடிக்கவில்லையே, ஏன்? (வாசகர், கம்பம்)

பதில்: பன்னீர் என்பது மஸ்கட் ஹாம்பர்க் ரகம். அதன் சொத்தே மணம்தான், துவர்ப்பு குறைவு, அத்தை மேல் தப்பில்லை. பிரான்சின் போர்டோ ஒயின் பகுதிக்காரர்கள் ஒரே ரகத்தை நம்புவதில்லை: தடித்த தோலுள்ள சின்னப் பழமான கேபர்னே சாவிஞ்ஞோன், கொட்டைப்பாக்கு மென்றது போல வாயை இழுக்கும், அதைத் தணிக்க பிளம் பழ வாசமுள்ள மெர்லோவைச் சேர்ப்பார்கள். அதே நாட்டில் ரோன் ஆற்றின் தென்பகுதிப் பக்கம் கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர என்று மூன்று ரகக் கூட்டணி. அதில் சிராவை மோந்து பாருங்கள், மிளகு வாசம் வரும், சும்மா உவமைக்குச் சொல்லவில்லை, உங்கள் மலை மிளகில் இருக்கும் ரோட்டண்டோன் என்ற பொருளேதான் அதிலும் இருக்கிறது. அப்புறம், அத்தை சர்க்கரையை எவ்வளவு கொட்டினார் என்றும் கேட்டுச் சொல்லுங்கள்.