சாகசக்காரருக்கு ஒரு கோட்டை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற கதாபாத்திர விளையாட்டை 2024 விதிகளில் விளையாடுகிறோம். எங்கள் நால்வரின் கதாபாத்திரங்களும் ஐந்தாம் லெவலுக்கு வந்துவிட்டன. ஆளுக்கொரு பாஸ்டியன் (கதாபாத்திரத்தின் சொந்தக் கோட்டை) கட்டுவதா, எல்லோரும் சேர்ந்து ஒன்றா?
– வாசகி, வெள்ளவத்தை

பதில்: ஒன்றாகவே கட்டுங்கள். விதி அதற்கு இடம் தருகிறது. அவரவர் அறைகளும் வேலையாட்களும் அவரவருக்கே சொந்தமாக இருக்கும். ஐந்தாம் லெவலில் ஒருவருக்கு இரண்டு சாதாரண அறைகளும் இரண்டு சிறப்பு அறைகளும் (நூலகம், ஆயுதசாலை போன்றவை) செலவின்றிக் கிடைக்கும். நால்வருக்கும் சேர்த்து எட்டுச் சிறப்பு அறைகள். முதலிலேயே உட்கார்ந்து பேசிப் பிரித்துக்கொள்ளாவிட்டால் மூன்று பேர் நூலகம் வைத்திருப்பீர்கள், காவலுக்கு ஒருவனும் இருக்கமாட்டான்.

ஒருவர் கட்டாயம் படைவீடும் (காவலர் தங்குமிடம்) ஆயுதசாலையும் எடுக்க வேண்டும். ஏன் என்று பாருங்கள். கோட்டை தாக்கப்பட்டால் ஆறு பக்கப் பகடை ஆறை உருட்டுவீர்கள். விழும் ஒவ்வொரு 1க்கும் ஒரு காவலர் சாவார். சராசரியாகத் தாக்குதலுக்கு ஒருவர். ஆயுதசாலை நிரம்பியிருந்தால் எட்டுப் பக்கப் பகடை. கோட்டையைச் சுற்றி மதில் முழுதாக மூடியிருந்தால் உருட்டும் பகடைகளின் எண்ணிக்கையில் இரண்டு குறையும். இரண்டும் இருந்தால் இழப்பு சராசரியில் பாதியாகிறது. காவலரே இல்லையென்றால் ஒரு சிறப்பு அறை சேதமாகி அடுத்த முறைக்குப் பயன்படாது.

மதிலில்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐந்தடித் துண்டுக்கு 250 தங்கக் காசும் 10 நாளும் ஆகும். பத்துக்குப் பத்துக் கட்டங்கள் கொண்ட கோட்டையைச் சுற்றி வளைக்க ஏறத்தாழ 40 துண்டு, அதாவது 10,000 காசு. முக்கால்வாசி கட்டி நிறுத்தினால் ஒரு பகடைகூடக் குறையாது. ஆகவே முதலில் படைவீடு: ஆட்சேர்ப்பு ஆணைக்கு நான்கு காவலர் வீதம், மூன்று ஆணைகளில் பன்னிரண்டு பேர். ஆணை கொடுப்பது விளையாட்டுக் கணக்கில் ஏழு நாளுக்கு ஒருமுறை.

கேள்வி: 2014 விதிப்படி 50,000 தங்கக் காசு கொடுத்துச் சிறு கோட்டை ஒன்று கட்டினோம். இப்போது கையில் காசு தங்குவதில்லை. எங்கே பிழை?
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அன்றாடச் செலவில். சிறு கோட்டைக்கு நாளொன்றுக்கு 100 காசு, மாதம் 3,000. தேர்ந்தவர் 50 பேரும் மற்றவர் 50 பேருமாக நூறு பேரை வைத்திருக்கிறீர்கள். அரண் கோபுரத்துக்கு 15,000 காசும் 100 நாளும் போதும். பராமரிப்பு நாளுக்கு 25, ஆட்கள் பத்துப் பேர். நாலைந்து பேர் கொண்ட குழுவுக்கு அது தாராளம். இன்னும் கட்டி முடியாதவர்கள் கவனிக்க: சொந்தக்காரர் இல்லாத ஒவ்வொரு நாளும் கட்டுமானத்தில் மூன்று நாளைக் கூட்டும். பத்து நாள் சாகசம் போய்வந்தால் வேலை முப்பது நாள் தள்ளிப்போகும்.

கேள்வி: கோட்டையின் வரைபடத்தை எதிலிருந்து தொடங்குவது?
– வாசகி, தெஹிவளை

பதில்: கிணற்றிலிருந்து. முற்றுகை வந்தால் தண்ணீர்தான் முதலில் தீரும். ஊர்காவற்துறைக்கு எதிரே கடற்கோட்டை நிற்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள்: சுற்றிலும் உப்புநீர். அப்படி ஓர் இடத்தை வரைந்தால் நன்னீர்த் தொட்டியையும் வரையுங்கள், அது எத்தனை நாளைக்குப் போதும் என்பதையும் டிஎம்மிடம் (விளையாட்டை நடத்துபவரிடம்) இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கொழும்பிலிருந்து ரயிலில் போய்ப் பார்க்கக்கூடிய மாதிரி மாத்தறை நட்சத்திரக் கோட்டை. வாயிலுக்கு மேல் 1765 என்று பொறித்திருக்கும். சிறியது, அதனால்தான் நமக்கு உதவும். சுற்றி அகழி, உள்ளே கிணறு, கைதிகளுக்கான அறைகள். வாயிலருகே தூக்குப்பாலத்தின் மரங்கள் பொருந்திய துளைகளை இன்றும் காணலாம். அந்தப் பாலத்தை இழுப்பது யார், எந்த அறையிலிருந்து, அவர் தூங்கிவிட்டால் அடுத்தவர் யார் என்று உங்கள் தாளில் எழுதுங்கள். டிஎம் இரவுத் தாக்குதல் வைத்தால் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அளவுக்கு ஒரு கட்டம் ஐந்தடி. சாதாரண அறைகளில் சிறியது 4 கட்டம், நடுத்தரம் 16, பெரியது 36. கணிதக் கொப்பியின் சதுரத் தாளே போதும். கழிவுநீர் வாய்க்காலையும் மறக்காதீர்கள்: எதிரி ஊர்ந்து வரக்கூடிய வழி அது, தப்பி ஓட உங்களுக்கும் அதே வழிதான். உள்பக்கம் ஒரு இரும்புக் கிராதி வரைந்து, சாவி யாரிடம் என்று குறித்துவையுங்கள்.