சிறையில் நூலகம் வைத்தால் கைதிகள் திருந்துவார்களா?

புத்தகம் படித்துத் திருந்தியவர் என்று யாரையும் என்னால் கைகாட்ட முடியாது. ஆனால் கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. 2022 கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்த 5.73 லட்சம் பேரில் 4.34 லட்சம் பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் செய்தாரா என்பதே முடிவாகாத ஆளை எதிலிருந்து திருத்துவது?

உண்மையில் நூலகம் அதிகம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். தண்டனைக் கைதிக்கு நெசவு, பேக்கரி என்று ஏதோ ஒரு வேலை, கொஞ்சம் கூலி. விசாரணைக் கைதிக்குப் பெரும்பாலும் அதுவும் கிடையாது, அடுத்த வாய்தா வரைக்கும் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

என் சித்தப்பா சிறைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். சாயங்காலம் தலையெண்ணிப் பூட்டிவிட்டால் விடியும் வரை திறக்க மாட்டார்கள், சண்டையும் விபரீத யோசனையும் வருவது அந்த நேரத்தில்தான் என்பார். அவர் வேலை பார்த்த இடத்தில் நூலகம் இருந்தது, ஆனால் பகலில் மட்டும், அதுவும் பாதி நாள் பீரோ பூட்டியே கிடக்குமாம். பிறகு வந்த ஒரு அதிகாரி புத்தகத்தை அறைக்கே எடுத்துப்போக விட்டார். எதை அதிகம் கேட்டார்கள் என்று நான் விசாரித்தபோது, நீதி நூல்கள் என்று சொல்வார் என நினைத்தேன். சட்டப் புத்தகமாம்! தன்மேல் போட்டிருக்கும் செக்‌ஷன் என்ன, ஜாமீன் உண்டா இல்லையா என்று தெரிந்துகொள்ள. அதற்கு அப்புறம் பழைய வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள், படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க, தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்பார்களாம்.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்ற பேரறிவாளன் 2012-ல் சிறையிலிருந்தே பிளஸ் டூ எழுதி 1,200-க்கு 1,096 எடுத்தாரே என்பீர்கள். சரிதான், ஆனால் எல்லோரிடமும் அந்த வைராக்கியத்தை எதிர்பார்க்க முடியாது.

பிரேசிலில் 2012-லேயே கூட்டாட்சி அரசின் சிறைகளில் ஒரு திட்டம் கொண்டுவந்தார்கள். ஒரு புத்தகம் படித்து அதைப் பற்றி எழுதிக் கொடுத்தால் தண்டனையில் 4 நாள் குறையும், வருடத்துக்கு 12 புத்தகம், ஆக 48 நாள். இதைச் சொன்னதும், "நம்மூர்ல கொண்டுவந்தா பீடிக்கட்டுக்கு எழுதித் தர்ற ஆள் ஒருத்தன் கிளம்பிடுவான்டா" என்று சித்தப்பா சிரித்தார். எழுதுகிறவனாவது படித்திருப்பானே என்று தோன்றியது எனக்கு.

உதவ நினைத்தால் ஒன்று சொல்கிறேன். 2023 சென்னைப் புத்தகக் காட்சியில் சிறைத் துறை 'கூண்டுக்குள் வானம்' என்ற பெயரில் அரங்கு போட்டுப் பொதுமக்களிடமிருந்து கைதிகளுக்காகப் புத்தகங்களை நன்கொடையாகப் பெற்றது. அந்த மாதிரி இடத்தில் பரணில் கிடக்கும் கிழிந்த கைடுகளைத் தள்ளிவிட்டு வராதீர்கள். 2024 ஜூலை 1-லிருந்து இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, அதன் தமிழ்ப் பதிப்பு ஒன்று வாங்கிக் கொடுங்கள். கூடவே எழுத்து பெரிதாக அச்சான நாலு கதைப் புத்தகம். பூட்டிய அறையில் மங்கலான விளக்குதான் இருக்கும்.