கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையில் பாஸ் மீன் இல்லை. பாஸ் ராடு வாங்கலாமா?

ஏரிகளில் தண்ணீர் ஏறிவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கேள்விகளில் மிக்ஸியும் வாஷிங் மெஷினும் குறைந்து தூண்டில் கூடிவிடுகிறது. இந்த வாரம் வந்ததில் தூண்டில் கேள்விகளை மட்டும் எடுத்திருக்கிறேன். மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளவும்.

அணைக்குப் பக்கத்தில்தான் வீடு. அப்பா மூங்கில் கழியில் தங்கூசி (நைலான் நரம்பு) கட்டி ஜிலேபி மீன் பிடிப்பார். நான் ஆன்லைனில் ‘பாஸ் ஃபிஷிங் காம்போ’ என்று ஒரு செட் பார்த்தேன். ராடு, ரீல், தூண்டில் நரம்பு, பெட்டி நிறைய பொம்மை மீன், எல்லாம் சேர்த்து 4,000 ரூபாய்க்குள் வருகிறது. நம்ம ஊர் மீனுக்கு அது ஆகுமா அண்ணா? (காவேரிப்பட்டணம்)

தம்பி, பாஸ் என்பது நம்ம ஊர் மீனே இல்லை. லார்ஜ்மவுத் பாஸ் வட அமெரிக்காவின் ஏரிகளில் வாழ்வது. அங்கே அதைப் பிடிப்பது பெரிய போட்டி, பெரிய வியாபாரம். 1932இல் ஜார்ஜியாவில் ஒருவர் 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையில், அதாவது 10 கிலோவுக்குச் சற்று மேலே, ஒன்றைப் பிடித்தார். 2009இல் ஜப்பானின் பிவா ஏரியில் ஏறக்குறைய அதே எடையில் இன்னொன்று சிக்கியது. இந்த ஆசைக்காக விற்கிற சாமான்தான் உங்கள் போனிலும் வந்து நிற்கிறது.

ஆனால் அந்த ராடு இங்கே வீண் என்று சொல்ல மாட்டேன். பாஸ் செய்கிற வேலையைத்தான் நம்ம விரால் செய்கிறது. செடிக்குள்ளும் கோரைப்புல் ஓரத்திலும் பதுங்கிக் கிடந்து, மேலே தவளையோ குஞ்சு மீனோ போனால் ஒரே பாய்ச்சல். அதனால் பாஸுக்குச் செய்த ரப்பர் தவளை ஆகாயத்தாமரை மேல் விராலுக்கு அருமையாக வேலை செய்யும். அப்பா பிடிக்கிற ஜிலேபிக்கு மட்டும் அது சரிப்படாது. அதற்குச் சின்ன முள், தக்கை, மண்புழு அல்லது மாவு உருண்டை போதும். 4,000 ரூபாய் ராடு அந்த மூங்கில் கழியிடம் தோற்றுப்போகும். ஆக, எந்த மீனுக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

விரால்தான் என்றால் காம்போ வேண்டாம், தனித்தனியாக வாங்குங்கள். பெட்டியில் இருக்கும் முப்பது நாற்பது பொம்மைகளில் நீங்கள் பயன்படுத்தப் போவது இரண்டோ மூன்றோ. மற்றவற்றின் முள் முதல் மழையிலேயே துருப்பிடித்துவிடும். எனக்கே நடந்தது. ஒரு ஆன்லைன் கடையில் வாங்கிய செட்டில் முக்கால் கிலோ விரால் முள்ளை நிமிர்த்திவிட்டுப் போய்விட்டது.

வாங்கும் வரிசையையும் தலைகீழாக்குங்கள். நாம் முதலில் ரீலைப் பார்த்து மயங்குகிறோம். முதலில் பார்க்க வேண்டியது என்ன எடையை வீசப் போகிறோம் என்பது. விரால் தவளை பெரும்பாலும் 10 முதல் 15 கிராம். ராடின் கைப்பிடிக்கு மேலே பொடி எழுத்தில் ‘லூர் வெயிட்’ என்று அச்சடித்திருக்கும். லூர் என்பது வீசுகிற பொம்மை இரை. சிலவற்றில் அது அவுன்ஸில் இருக்கும். ஒரு அவுன்ஸ் 28 கிராம், கால் அவுன்ஸ் 7, அரை அவுன்ஸ் 14. கால் முதல் முக்கால் அவுன்ஸ் வரை போட்டிருந்தால் உங்கள் தவளை நடுவில் வந்துவிடும், அதுதான் வேண்டும். ஏழடி நீளம், ‘மீடியம் ஹெவி’ பவர். செடிக்குள் புதைந்த விராலை இழுக்க அந்த முறுக்கு தேவை. அதே ராடில் 3 கிராம் ஸ்பின்னரை (சுழலும் தகடு வைத்த சின்ன லூர்) போட்டு வீசினால் கல்லெறிகிற தூரம்கூடப் போகாது. அது ராடின் குற்றம் இல்லை.

நான் பிரிப்பதென்றால் ராடுக்கு 1,500, ரீலுக்கு 1,500, மீதி ஆயிரத்தில் நல்ல நரம்பு, இரண்டு தவளை, நாலு நல்ல முள் என்று பிரிப்பேன். ரீல் 3000 சைஸ் ஸ்பின்னிங் போதும். ‘12+1 பேரிங்’ என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பி விலை கொடுக்காதீர்கள். நல்ல நாலு பேரிங் மட்டமான பன்னிரண்டை விட மேல். கைப்பிடியைச் சுற்றிப் பாருங்கள். மணல் அரைகிற மாதிரி உணர்வு வந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

ராடு, ரீல் எல்லாம் நல்லதுதான். ஆனால் வீசினால் லூர் ஒன்று வானத்துக்குப் போகிறது, இல்லை என் காலடியில் விழுகிறது. பக்கத்தில் நிற்கிற பையன் மலிவு ராடில் என்னை விட இரண்டு பங்கு தூரம் வீசுகிறான். ராடை மாற்றிவிடலாமா? (பாலக்கோடு)

மாற்ற வேண்டாம் ஐயா. வானத்துக்குப் போனால் நரம்பைச் சீக்கிரம் விடுகிறீர்கள், காலடியில் விழுந்தால் தாமதமாக விடுகிறீர்கள். அவ்வளவுதான்.

லூர் ராடு நுனியிலிருந்து ஒரு அடி தொங்கட்டும். ஆள்காட்டி விரலால் நரம்பைப் பிடித்துக்கொண்டு ரீலின் வளையக் கம்பியைத் திறங்கள். உங்களைச் சுற்றி ஒரு கடிகார முகம் இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் இடப்புறம் பார்த்து நிற்பதைப் பக்கவாட்டிலிருந்து ஒருவர் பார்த்தால் தலைக்கு மேலே 12 மணி. ராடை 1 மணி இருக்கும் இடம் வரைக்கும் பின்னால் கொண்டுபோய் ஒரு கணம் நிறுத்துங்கள். லூரின் எடை ராடை வளைக்கும். அந்த வளைவுதான் வீசுகிறது, உங்கள் தோள் இல்லை. முன்னால் கொண்டுவந்து 11, 10 மணிக்கு நடுவில் விரலை விடுங்கள். வலது கை தள்ளும்போது இடது கை கைப்பிடியின் அடியை வயிற்றுப் பக்கம் இழுக்க வேண்டும். இந்த இழுப்பைப் பலர் செய்வதே இல்லை. அந்தப் பையன் செய்கிறானா என்று அடுத்த முறை கவனியுங்கள்.

இன்னும் இரண்டு விஷயம். ஸ்பூலில் (நரம்பு சுற்றியிருக்கும் உருளை) நரம்பு குறைவாக இருந்தால் விளிம்பில் உரசியே வேகம் செத்துவிடும். விளிம்புக்குக் கீழே இரண்டு மூன்று மில்லிமீட்டர் மட்டும் விட்டு நிரப்புங்கள். லூர் விழுந்ததும் வளையக் கம்பியைக் கையால் மூடி, நரம்பை ஒரு இழுப்பு இழுத்துவிட்டு அப்புறம் சுற்றுங்கள். ரீலைச் சுற்றித் தானாக மூட விட்டால் தொளதொளவென்ற சுருள் உள்ளே போய், பத்தாவது வீச்சில் மொத்தமாகச் சிக்கிக்கொண்டு வெளியே வரும்.

தவளையை விரால் அடித்ததும் உடனே இழுப்பதும் ஒரு பிழை. தண்ணீர் தெறித்த சத்தத்துக்குக் கை தானாகத் துள்ளும். ஒண்ணு, ரெண்டு எண்ணி, நரம்பில் கனம் தெரிந்த பிறகு பலமாக இழுங்கள்.

வீசும் முன் மேலே பாருங்கள். ஏரிக்கரையிலும் வயல் வரப்பிலும் மின்கம்பி தாழ்வாகப் போகும் இடங்கள் நம் பக்கம் நிறைய. கார்பன் ராடில் மின்சாரம் பாயும். கம்பிக்கு அடியில் ராடைத் தூக்கிக்கொண்டு நடக்கவும் கூடாது. இடி இடித்தால் ராடைக் கீழே வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்புங்கள்.

வீடியோக்களில் எல்லாரும் பெய்ட்காஸ்டர் ரீல்தான் வைத்திருக்கிறார்கள். நானும் வாங்கினேன். ஒவ்வொரு வீச்சுக்கும் அரை மணி நேரம் சிக்கு எடுக்கிறேன். கடையில் திருப்பிக் கொடுக்க முடியுமா? (ஓசூர்)

பழுது இல்லாத பொருளைக் கடைக்காரர் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கட்டாயம் இல்லை. கேட்டுப் பாருங்கள், ஆனால் முதலில் இதைச் செய்துவிட்டுக் கேளுங்கள்.

ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் நிற்கும், நரம்பு மட்டும் வெளியே போகும். பெய்ட்காஸ்டரில் ஸ்பூலே சுழலும். காற்றில் லூர் வேகம் குறைந்த பிறகும் ஸ்பூல் பழைய வேகத்தில் சுற்றினால் சிக்குதான். கைப்பிடிப் பக்கம் ஒரு சின்னத் திருகு இருக்கும். பட்டனை அழுத்தி லூரைத் தொங்கவிட்டு, அது மெதுவாக இறங்கித் தரையைத் தொட்டதும் ஸ்பூலும் நிற்கிற அளவுக்கு அந்தத் திருகை இறுக்குங்கள். மறுபக்கம் பிரேக்கை முழுக்க வையுங்கள். லூர் தண்ணீரைத் தொடும் முன் கட்டைவிரல் ஸ்பூல் மேல் இருக்க வேண்டும். பள்ளி மைதானத்தில், முள் இல்லாமல், ஒரு நட்டைக் கட்டி ஒரு வாரம் வீசிப் பழகுங்கள். பழகும்வரை 15 பவுண்டு தாங்குகிற விலை குறைந்த தங்கூசி போதும், பிரெய்டு (பின்னிய நரம்பு) சிக்கினால் கத்திதான். எதிர்க்காற்றில் பழக வேண்டாம்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஸ்பின்னிங் ரீலின் கைப்பிடியைக் கழற்றி மறுபக்கம் மாட்டிக்கொள்ளலாம். பெய்ட்காஸ்டரில் அது நடக்காது. இடதா வலதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று கை மாறி வாங்கியவர்கள் எனக்கு ஏற்கெனவே எழுதியிருக்கிறார்கள்.

தங்கூசியா, பிரெய்டா? (ஊத்தங்கரை)

செடி நிறைந்த ஏரியில் விராலுக்குப் பிரெய்டு, 30 முதல் 40 பவுண்டு. அது நீளாது, தண்டை அறுத்துக்கொண்டு வரும். திறந்த தண்ணீரில் கெண்டைக்கும் ஜிலேபிக்கும் தங்கூசி. அதன் நீட்சி மீனின் உதறலைத் தாங்கும். பிரெய்டை வெறும் ஸ்பூலில் நேராகச் சுற்றாதீர்கள், கட்டு மொத்தமாக வழுக்கிச் சுழலும். அடியில் கொஞ்சம் தங்கூசி சுற்றி அதன் மேல் சுற்றுங்கள்.

பெட்டியில் 40 பவுண்டு என்று போட்டிருப்பது உண்மைதானா என்று பார்க்க, லக்கேஜ் எடை பார்க்கும் கொக்கித் தராசு போதும். நரம்பை அதில் கட்டி, கையில் துணி சுற்றிக்கொண்டு இழுங்கள். 40 பவுண்டு என்பது 18 கிலோ. முடிச்சில் கொஞ்சம் பலம் போகும், அதைக் கழித்துக்கொள்ளலாம். ஆனால் 8 கிலோவில் அறுந்தால் அது வேறு கதை. கடை வாசலில் வெயில் படும்படி தொங்கும் தங்கூசியைத் தொடாதீர்கள், வெயில் அதன் உயிரை எடுத்துவிடும். அறுந்த துண்டுகளைக் கரையில் போட்டுவிட்டு வராதீர்கள், கொக்கு காலில் சுற்றிக்கொள்கிறது.

ஆன்லைனில் வாங்கிய ராடு நுனி உடைந்து வந்தது. ‘ராடு உடைந்தால் ரிட்டர்ன் கிடையாது’ என்று விற்பவர் சொல்கிறார். பொருளின் இணையப் பக்கத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறதாம். 1,800 ரூபாய் போனதுதானா? (பர்கூர்)

போகவில்லை. நீங்கள் மீனை இழுத்து உடைத்திருந்தால் அது உங்கள் பாடு. உடைந்தே வந்தது என்றால் சட்டம் உங்கள் பக்கம். 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, பழுதான, போலியான, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்கவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்க முடியாது. ‘நோ ரிட்டர்ன்’ என்று அவர் எழுதிக்கொள்வது அந்த விதியை ரத்து செய்துவிடாது.

முதலில் அந்தத் தளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். பெயரும் தொடர்பும் தளத்திலேயே இருக்க வேண்டும். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததாக ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நகரவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பெரும்பாலான சின்னத் தொகைகள் இங்கேயே முடிந்துவிடும். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்பவர் டெல்லியில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது, பிரச்சினை எழுந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பெட்டியைப் பிரிக்கும்போதே வீடியோ எடுத்தீர்களா? எடுக்கவில்லை என்றால் இப்போது பெட்டி, முகவரிச் சீட்டு, உடைந்த நுனி மூன்றும் தெரிகிற மாதிரி படம் எடுத்து இன்றைக்கே அனுப்புங்கள். ராடு வந்த குழாய் நசுங்கியிருந்தால் அதுதான் உங்கள் சாட்சி. இறக்குமதிப் பொருள் என்றால் இறக்குமதியாளர் முகவரி, எந்த நாட்டில் செய்தது, எம்.ஆர்.பி. மூன்றும் பெட்டி மேல் இருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லை என்றால் புகாரில் அதையும் ஒரு வரி சேருங்கள்.

ஒகேனக்கல் பக்கம் காட்டுக்குள் ஆற்றோரம் போய் வீசலாம் என்று நண்பர்கள் கூப்பிடுகிறார்கள். போகலாமா? (பென்னாகரம்)

வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காவிரிக் கரையில் பெரும் பகுதி வனவிலங்குச் சரணாலயம். காவிரி தெற்குச் சரணாலயம் 2022இல்தான் அறிவிக்கப்பட்டது. சரணாலய எல்லைக்குள் வனத்துறை அனுமதி இல்லாமல் தூண்டில் போடுவது குற்றம். காவிரியில் மட்டுமே இருக்கிற ஒரு மஹ்சீர் (பெரிய ஆற்று மீன்) இனம் அழியும் நிலையில் இருக்கிறது, அதுவும் அந்த ஆற்றில்தான். போதாததற்கு முதலையும் உண்டு.

மற்ற இடங்களிலும் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஏரிகள் பெரும்பாலும் மீன் குத்தகைக்குப் போயிருக்கும், குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் பல இடங்களில் சிரித்துக்கொண்டே விடுவார்கள், சொல்லாமல் போட்டால் ராடு போய்விடும். அணைகளுக்கு மீன்வளத் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். செம்மஞ்சள் குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கும் விராலை மட்டும் எங்கே கண்டாலும் விட்டுவிடுங்கள். அப்போது எதைப் போட்டாலும் கடிக்கும்தான். அதைத் தூக்கினால் மற்ற மீன்கள் குஞ்சுகளைத் தின்று தீர்த்துவிடும்.

பழைய ராடு, ரீல் 900 ரூபாய்க்குக் கேட்கிறார் நண்பரின் மாமா. வாங்கலாமா? (போச்சம்பள்ளி)

ஒரு துண்டுப் பஞ்சு எடுத்துப் போங்கள். ராடில் இருக்கும் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் அதைத் துடைத்து எடுங்கள். பஞ்சு நூல் மாட்டினால் உள்ளே விரிசல் இருக்கிறது, அது உங்கள் நரம்பை அறுக்கும். நுனியைச் சுவரில் லேசாக அழுத்தி வளைத்துப் பாருங்கள், ‘டிக்’ என்று கேட்டால் வேண்டாம். ரீலில் டிராக்கை (நரம்பு ஓடுவதைக் கட்டுப்படுத்தும் பிரேக்) இறுக்கி நரம்பைக் கையால் இழுங்கள். விட்டு விட்டு இழுபட்டால் உள்ளே வாஷர் போயிருக்கிறது. உள்ளே இழுத்து அடக்குகிற டெலஸ்கோப் ராடு என்றால் ரீலை மட்டும் பேசி 500க்கு முடியுங்கள்.