கொழும்பில் முளைத்த கல்லூரி

கேள்வி: இலங்கையில் பல்கலைக்கழகம் வருவதற்கு முன்பு 'பல்கலைக்கழகக் கல்லூரி' என்று ஒன்று இருந்ததாமே, அதை யார் தொடங்கினார்கள்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: தொடங்கியது காலனி அரசுதான். ஆனால் அரசைத் தொடங்க வைத்ததில் பெரிய பங்கு பொன்னம்பலம் அருணாசலத்துக்கு உண்டு. கேம்பிரிட்ஜில் படித்து, போட்டித் தேர்வு எழுதி சிவில் சர்வீசுக்குள் நுழைந்த முதல் இலங்கையர் அவர். நம் பிள்ளைகள் பட்டம் வாங்க ஏன் கப்பல் ஏற வேண்டும், வசதி இல்லாதவன் என்ன செய்வான் என்ற ஆதங்கத்தோடு 1906-ல் உருவான இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தில் முன்னால் நின்றவரும் அவரே. அரசு இறங்கி வந்த நேரம் பார்த்து முதல் உலகப் போர் குறுக்கே வந்தது.

ஒருவழியாக 1921 ஜனவரியில் கல்லூரி திறந்தது. இடம் கொழும்பு தர்ஸ்டன் சாலையில் 'காலேஜ் ஹவுஸ்' என்ற பழைய மாளிகை. முதல் முதல்வர் ராபர்ட் மார்ஸ்.

சரி, பட்டம் கொடுத்தது யார்? இவர்கள் இல்லை. பாடம் இங்கே, தேர்வும் பட்டமும் லண்டன் பல்கலைக்கழகத்துடையது. அதாவது, என்ன படிக்க வேண்டும் என்பதை லண்டன்தான் முடிவு செய்தது. எனக்கு இதுதான் உறுத்துகிறது, ஏனென்றால் அருணாசலம் கேட்டது முழுப் பல்கலைக்கழகம்.

முழுப் பல்கலைக்கழகம் எங்கே அமைய வேண்டும், கொழும்பிலா கண்டிப் பக்கமா என்று அப்புறம் பல வருடம் சண்டை. 1942-ல்தான் இந்தக் கல்லூரியும் 1870-ல் தொடங்கிய மருத்துவக் கல்லூரியும் இணைந்து இலங்கைப் பல்கலைக்கழகம் ஆனது, துணைவேந்தர் ஐவர் ஜென்னிங்ஸ். கண்டிக்குப் பக்கத்திலுள்ள பேராதனைக்குப் போனது அதற்கும் பின்னால். அருணாசலம் 1924-லேயே, நம் மதுரையில், காலமாகிவிட்டார்.